இறங்குதுறை முனையில் நின்ற சாட்சி

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் ஊர்காவற்றுறை நீதிமன்றத்தில் வேலை பார்த்தேன். சாட்சிகள் சொல்வதை எழுதுவது என் பொறுப்பு. அந்த வருடம் நெடுந்தீவில் வாந்திபேதி பரவியது. படகுகளை நிறுத்தி, அங்கிருந்து ஒருவரும் வெளியே வரக்கூடாதென்று கட்டளையிட்டார்கள். நெடுந்தீவு வழக்குகளையெல்லாம் நீதவான் தவணை போட்டார். ஒன்றை மட்டும் தள்ளிவைக்க அவருக்கு மனம் வரவில்லை.

தன் வள்ளத்தை எரித்துவிட்டதாக ஒரு மீனவர் இன்னொரு மீனவர்மீது முறைப்பாடு செய்திருந்தார். குற்றம் சாட்டப்பட்ட அந்த எதிரிக்குப் பிணை நிற்க ஆளில்லை. மூன்று மாதமாக மறியற்சாலையில் அடைபட்டுக் கிடந்தார். நெருப்பைக் கண்ட ஒரே சாட்சி, முறைப்பாட்டுக்காரரின் மனைவி.

"அவ வர ஏலாதெண்டால் நாங்கள் போவம்" என்றார் நீதவான்.

நீதவான், பொலிஸ் சார்ஜன்ட், சட்டத்தரணி, விலங்கிட்ட எதிரி, நான் எல்லோரும் ஒரே இயந்திர வள்ளத்தில் காலையிலேயே போனோம். இறங்குதுறைக்குச் சற்று இப்பால் நங்கூரம் போட்டு இயந்திரத்தை நிறுத்தினார்கள். படகு வந்தால் அந்தக் கரையில் எப்போதும் ஒரே சத்தமாக இருக்கும். அன்று மதிலோரம் முப்பது நாற்பது பேர் நின்றார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பாதை முழுவதும் சுண்ணாம்புத் தூள். அதன்மேல் அவள் மட்டும் தனியாக நடந்து முனைக்கு வந்தாள்.

வேதப்புத்தகம் எங்களிடம் இருந்தது, கொடுக்க வழியில்லை. கழுத்திலிருந்த சிலுவையை முத்தமிட்டுச் சத்தியம் செய்தாள். அவள் உரத்துப் பேசவில்லை. ஆனாலும் காற்றில்லாத அந்தக் கடலில், ஒவ்வொரு சொல்லும் யாரோ என் தோளருகே குனிந்து சொல்வதுபோலக் கேட்டது. இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன்.

நடுவில் அவள் நிறுத்தினாள். மெல்லக் குந்தினாள்.

"உமக்கு ஏலாமல் கிடக்கோ? வேறை நாளைக்கு வாறம்" என்றார் நீதவான்.

"வேண்டாம் ஐயா. இண்டைக்கே எழுதுங்கோ."

எழுந்து நின்று மிச்சத்தைச் சொன்னாள். "இவர் அந்தப் பக்கமே வரேல்லை. என்ரை மனிசன்தான் அடுப்பை அணைக்காமல் வள்ளத்திலை விட்டிட்டு வந்தவர். நான் கண்டனான்."

மதிலோரம் நின்றவர்களில் அவளுடைய கணவர் இரண்டடி முன்னால் வந்தார். ஆட்கள் தாண்டாதபடி அங்கே கட்டியிருந்த கயிற்றடியில் நின்றுவிட்டார்.

எழுதியதை நான் வாசித்துக் காட்டினேன். வள்ளத்தைக் கிட்டக் கொண்டுபோய், மரக்கோலின் நுனியில் தாளையும் மைப்பெட்டியையும் கட்டி நீட்டினோம். பெருவிரலைப் பதித்தாள். சார்ஜன்ட் கையுறையோடு அதை வாங்கி மருந்து தெளித்தார். நாங்கள் திரும்பும்போது அவள் முனையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"ஐயா, திரும்பி வா எண்டு அவவை ஒருத்தரும் கூப்பிடேல்லை" என்றார் எதிரி.

மறுநாளே அவள் இறந்துவிட்டாள் என்று பொலிசுக்குத் தகவல் வந்தது. அடுத்த தவணையில் அவளுடைய சாட்சியத்தை நான் மன்றில் வாசிக்க வேண்டியிருந்தது. "நான் கண்டேன்" என்ற இடத்தில் என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. சார்ஜன்ட் தாளைப் பார்க்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரி விடுதலையானார்.

சில மாதங்களில் படகுகள் மறுபடி ஓடத் தொடங்கின. ஆனால் விடுதலையானவர் அல்லைப்பிட்டியில் தமக்கை வீட்டிலேயே தங்கிவிட்டார். ஒருநாள் சந்தையில் கண்டேன்.

"ஊருக்குப் போகேல்லையோ அண்ணை?"

அவர் கையிலிருந்த மீன்கூடையைக் கீழே வைத்தார்.

"வாந்திபேதி வருத்தத்திலை செத்த சனத்தை அவசரமாய்த் தாட்டவையாம் தம்பி. அவவை எங்கை தாட்டது எண்டு புருசனுக்கே தெரியாதாம். அந்தாள் இப்பவும் ஒவ்வொரு குழியாய்ப் பாத்துக்கொண்டு திரியுதாம். நான் போனால் ரெண்டுபேருமாய்த் தேடவேணும்."