லாபம் என்றொரு கிளை

நான் வேலை பார்க்கும் இடத்தில், குளிர்காலக் காலைகளில் ஜன்னலைத் திறந்துவிடுவார்கள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும். உள்ளே ஹீட்டர் போட்டு, அறை அப்போதுதான் மனிதர் உட்காரும் பதத்துக்கு வந்திருக்கும். அந்த நேரம் பார்த்து, கணக்குப் பிரிவின் தலைவியான ஃப்ரௌ லிண்ட்னர், அதாவது திருமதி லிண்ட்னர், எழுந்து போய் ஜன்னலை விரியத் திறப்பார். இதற்கு ஜெர்மன் மொழியில் 'லூஃப்டன்' என்று பெயர். அறைக்காற்று மாற வேண்டுமாம். எல்லோரும் கோட்டை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடர்வார்கள். நான் ஊரிலிருந்து கொண்டுவந்த மங்கி குல்லாவை மாட்டிக்கொள்வேன். மூடிவிடலாமே என்று சொல்லவும் முடியாது. எங்கள் கம்பெனி செய்து விற்பதே ஜன்னல்களும் கதவுகளும்தான்.

உத்திரமேரூரிலிருந்து ஜெர்மனியின் தெற்கே ஒரு சிற்றூருக்கு நான் வந்து சேர்ந்தது இரண்டாயிரங்களின் தொடக்கத்தில். கணினி ஆட்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு விசா கொடுத்த காலம் அது. பிசினஸ் இன்டெலிஜென்ஸ் என்பது என் வேலையின் பெயர். கம்பெனியின் பல மூலைகளில் கிடக்கும் தகவல்களை ஒரே இடத்தில் சேர்த்து, முதலாளி கேட்கும் கேள்விக்கு ஆளுக்கொரு பதில் வராமல் ஒரே பதில் வரும்படி செய்ய வேண்டும். இதை நைனாவுக்குப் போனில் விளக்கியபோது அவருக்கு நான் சொன்னதில் ஒரு சொல்தான் காதில் நின்றது.

"இன்டெலிஜென்ஸுன்னா போலீசுதானேடா? ஊரு வுட்டு ஊரு போயி ஏண்டா போலீசு வேல பாத்துக்கினு கீற?"

அதன் பிறகு உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் என் தம்பியிடம் யாரும் கடுமையாகப் பேசுவதில்லை என்று கேள்வி.

போலீஸ் வேலையாக இருந்தால்கூட நிம்மதியாக இருந்திருப்பேன். என் ஒப்பந்தம் அந்தக் குளிர்காலத்தோடு முடிகிறது. இந்த வேலை வெற்றி என்று முதலாளி ஒப்புக்கொண்டால் நீட்டிப்பு உண்டு, இல்லாவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான். மனைவி கலைவாணியும் மகளும் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தார்கள். மகள் மழலையர் பள்ளியில் சேர்ந்து ஜெர்மன் பாட்டுப் பாட ஆரம்பித்திருந்தாள். எங்களுக்குத் திரும்பிப் போக இஷ்டமில்லை. ஊரில் இருப்பவர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, அதுதான் உண்மை.

இந்த மாதிரி வேலைகளில் கணினி கடைசியில்தான் வரும். முதலில் மனிதர்களை உட்காரவைத்து, எதை எப்படி எண்ணுவது என்று பேசி முடிக்க வேண்டும். அந்த அடித்தளம் சரியில்லாவிட்டால் மேலே எது கட்டினாலும் நிற்காது. ஆகவே நான் மூன்று பேரை உட்காரவைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன். ஒரு ஜன்னல் எப்போது விற்றதாகக் கணக்கு? விற்பனைத் தலைவர் ஹெர் கோல்ப், வாடிக்கையாளர் தலையாட்டியதுமே விற்றுவிட்டது என்றார். தச்சுப்பட்டறையிலிருந்து தலையெடுத்த முதலாளி ஹெர் ஹூபர், கண்ணாடி சட்டத்தில் பொருந்தியதும் என்றார். ஜன்னல் சுவரில் ஏறி, வீட்டுக்காரர் அதை ஒருமுறை திறந்து மூடிய பிறகுதான் என்றார் ஃப்ரௌ லிண்ட்னர். நான் மூன்றையும் சேர்த்து ஒரு வழி சொன்னேன். மூவரும் "கெனாவ்" என்றார்கள். கெனாவ் என்றால் 'மிகச் சரி'. எனக்கு உச்சி குளிர்ந்தது. அடுத்த வாரம் மூவரும் அவரவர் சொன்னதையே மறுபடி சொன்னார்கள். அதற்கும் ஒருவருக்கொருவர் கெனாவ் சொல்லிக்கொண்டார்கள். இலையுதிர்காலம் முழுக்க இப்படியே போயிற்று.

எங்கள் ஊரில் நைனாவின் நெல் மண்டிக்கு இத்தனை மீட்டிங் தேவைப்பட்டதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் ஏரிப் பக்கமிருந்து யார் வந்தாலும் அவர் கேட்பது ஒன்றுதான். "கலங்கல் போவுதா?" ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாகத் தண்ணீர் வழிந்தால் அந்த வருஷம் நெல் உண்டு. இல்லாவிட்டால் இல்லை. அவருடைய இன்டெலிஜென்ஸ் அவ்வளவுதான். அதை நம்பி ஒரு வருஷம் ஊரிலிருந்த வெறும் சாக்கையெல்லாம் வாங்கிக் குவித்தார். கலங்கல் என்னவோ போயிற்று, கூடவே மழை நிற்காமல் கொட்டி வயலில் நின்ற பயிரையும் கொண்டுபோயிற்று. அந்த வருஷம் பொங்கலுக்கு எங்கள் வீட்டில் உட்கார, படுக்க, சாய எல்லாமே சாக்குதான்.

கடைசியில் ஒரு ஒப்பந்தம் எழுதினேன். அறிக்கையில் வரும் எண் மட்டுமே உண்மை, வேறு யார் எதைச் சொன்னாலும் செல்லாது. இது முதல் விதி. கூடவே இணைத்திருக்கும் கம்பெனிக் கிளைகளின் பட்டியலை எல்லோருடைய சம்மதமும் இல்லாமல் எவரும் மாற்றக் கூடாது. இது இரண்டாவது. மூவரும் கையெழுத்துப் போட்டார்கள், நானும் போட்டேன். ஹெர் ஹூபர் மகிழ்ந்துபோய் அதற்குச் சட்டம் போட்டு, கண்ணாடி வைத்து, மீட்டிங் அறைச் சுவரில் மாட்டிவிட்டார். சட்டமும் கண்ணாடியும் எங்களிடம் நிறையவே உண்டு. யானை ஏறி நின்றாலும் அசையாத அடித்தளம் போட்டுவிட்டோம் என்று கலைவாணியிடம் அன்று பெருமையடித்துக்கொண்டேன்.

இங்கே ஒரு பழைய விஷயத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் நெல் அளந்தாலும் மூட்டை எண்ணினாலும் முதல் எண்ணை 'ஒன்று' என்று சொல்ல மாட்டார்கள். லாபம் என்பார்கள். லாபம், ரெண்டு, மூணு என்றுதான் எண்ணிக்கை போகும். தொண்ணூறுகளின் நடுவில், இன்ஜினீயரிங் படிப்பை முடித்துவிட்டு ஊருக்குப் போயிருந்தேன். மண்டியில் லாரிக்கு லோடு ஏறிக்கொண்டிருந்தது. என்னை எண்ணச் சொல்லிவிட்டு நைனா டீக்கடைக்குப் போனார். அவர் திரும்பி வந்தபோது பாதி லாரி நிறைந்திருந்தது.

"மொத மூட்டைக்கு இன்னா சொன்ன?"

"ஒண்ணுன்னு சொன்னேன்."

நைனா டீ கிளாஸைக் கீழே வைத்தார். "எறக்கு எல்லாத்தையும்."

லோடு ஏற்றிக்கொண்டிருந்த கன்னியப்பனுக்கு வியர்வை கொட்டியது. "மொதலாளி, பாதி லாரி ஏத்திட்டோம். ஒண்ணுன்னா இன்னா, லாபம்னா இன்னா? மூட்ட அதே மூட்டதானே?"

"மூட்ட அதேதான். சொன்ன வாயி வேற. எறக்குடா."

இறக்கினார்கள். நான் லாபம் என்று ஆரம்பித்தேன், மறுபடி ஏற்றினார்கள். அந்த அறுவடை முடியும்வரை கன்னியப்பன் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "தம்பி, இன்னிக்கி இன்னா சொல்லப்போறன்னு இப்பவே சொல்லிடு. முதுவுல தைலம் தேச்சிக்கினு வந்துடறேன்" என்பார். அன்றிலிருந்து எதை எண்ணினாலும் எனக்கு முதலாவது லாபம்தான். மாத்திரை எண்ணினாலும் சரி, மாடிப்படி எண்ணினாலும் சரி, நாக்கு அதைத் தவிர வேறு சொல்வதில்லை.

கிளைப் பட்டியலின் முதல் வரியில், சோதனைக்காக ஒரு பொய்க் கிளை வைப்பது எங்கள் தொழில் வழக்கம். எந்தக் கிளையின் பெயரும் ஒட்டாத விற்பனை எல்லாம் வழிதவறாமல் அந்த வரியில் வந்து விழும். சோதனை முடிந்ததும் அதை எடுத்துவிட வேண்டும். அதற்கு நான் வைத்த பெயர் என்னவென்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். வேண்டுமென்று வைக்கவில்லை. முதல் வரி என்றதும் கை தானாகத் தட்டச்சு செய்துவிட்டது. எடுக்க மறந்த பட்டியலைத்தான் ஒப்பந்தத்தோடு இணைத்து நால்வரும் கையெழுத்துப் போட்டிருந்தோம்.

அறிக்கையை முதலாளிக்குக் காட்டும் நாள் வந்தது. திரையில் கிளைகளின் விற்பனை வரிசையாகத் தூண் தூணாக நின்றது. எல்லாவற்றையும்விட உயரமாக நின்றது லாபம். வேலையும் போச்சு, மகளின் பாட்டும் போச்சு என்று நினைத்தேன். ஆனால் அறையில் யாரும் சிரிக்கவில்லை.

"லாபம் எப்போதுமே நமக்குப் பலமான கிளை" என்றார் ஹெர் கோல்ப், தொண்டையைச் செருமிக்கொண்டு.

"எங்கே இருக்கிறது?" என்று கேட்டார் ஹெர் ஹூபர்.

"கிழக்கே."

எல்லோரும் தலையாட்டினார்கள். சுவர் இடிந்து இரு ஜெர்மனிகளும் ஒன்றாகிப் பல வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் இந்தத் தெற்கத்தி ஆட்களுக்குக் கிழக்கு என்பது எது வேண்டுமானாலும் இருக்கக்கூடிய இடம். நான் எழுந்து, அப்படி ஒரு கிளையே கிடையாது, நான்தான் சோதனைக்கு வைத்தேன், இன்றே எடுத்துவிடுகிறேன் என்றேன். ஃப்ரௌ லிண்ட்னர் சுவரிலிருந்த ஒப்பந்தத்தைக் கழற்றி எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்.

"பட்டியலில் முதல் பெயர். நாங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். நீங்களும் போட்டிருக்கிறீர்கள்."

வீடு மாறிப் போனவர்களின் ஆர்டர்கள் அவை என்று விளக்கினேன். இரண்டு கிளைகளின் எல்லையில் இருக்கிற கிராமங்களிலிருந்து வந்தவை, எந்தக் கிளையும் தன்னுடையது என்று பதியாதவை என்றேன்.

"ஜன்னல் சுவரில் ஏறிவிட்டதா?" என்றார் ஃப்ரௌ லிண்ட்னர்.

"ஏறிவிட்டது."

"வீட்டுக்காரர் திறந்து மூடினாரா?"

"மூடினார்."

"அப்படியானால் கிளையும் இருக்கிறது."

ஹெர் ஹூபர் என் தோளில் தட்டினார். இந்தியர்கள் அடக்கமானவர்கள் என்று அவர் எங்கேயோ படித்திருந்தாராம்.

அதற்கப்புறம் நடந்தவற்றை ஊரில் சொன்னால் நான் கதை விடுகிறேன் என்பார்கள். கிறிஸ்துமஸுக்குச் சிறந்த கிளைக்கு முதலாளி ஒரு பெரிய கூடை அனுப்புவார். ஒயின், பாலாடைக்கட்டி, கேக் எல்லாம் இருக்கும். அந்த வருஷக் கூடை லாபத்துக்கு என்று முடிவாயிற்று. முகவரி யாரிடமும் இல்லை. நானே காரில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன் என்று கிளம்பிய ஹெர் கோல்ப் மூன்றாம் நாள் திரும்பி வந்தார். "அருமையான மனிதர்கள், கொஞ்சம் கூச்ச சுபாவம்" என்றார். விடுமுறை வரைக்கும் அவர் அறையைத் தாண்டிப் போகிறவர்களுக்கெல்லாம் பாலாடைக்கட்டி வாசனை அடித்தது. ஃப்ரௌ லிண்ட்னர் அந்த அறைக்கு மட்டும் இருமுறை லூஃப்டன் செய்தார்.

எனக்குத் தூக்கம் போயிற்று. என்றைக்காவது ஒரு நாள் யாராவது சிரித்துவிட்டால் நாங்கள் குடும்பத்தோடு ஊர் விமானத்தில்தான் இருப்போம். ஞாயிற்றுக்கிழமை நைனாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அங்க கூட மொத எண்ணு லாபம்தானா? வெவரமான ஆளுங்கடா."

"நைனா, அது நான் வெச்ச பேரு. எடுக்க வுட மாட்டேன்றாங்க."

"ஏன் எடுக்கணும்? மொத எண்ண அழிச்சா எல்லாத்தையும் எறக்கி ஏத்தணும். பேஜாரு. சும்மா வுடு."

ஆக, இரண்டு தேசத்திலும் தடை.

என்னைக் காப்பாற்றியது ஒரு வெற்றுக் கட்டம். ஒவ்வொரு கிளையிலும் ஆள் ஒன்றுக்கு எவ்வளவு விற்பனை என்று அறிக்கையில் ஒரு பகுதி உண்டு. லாபத்தில் ஆளே இல்லாததால் அங்கே வகுக்க முடியாமல் கட்டம் வெறுமையாக நின்றது. சட்டத்தில் கண்ணாடி இல்லாததைப் பார்த்தமாதிரி ஹெர் ஹூபர் முகம் சுளித்தார். அங்கே ஒரு ஆளைப் போடுங்கள் என்றார். மற்ற கிளைகளில் எல்லா இடமும் நிரம்பியிருந்தது. எந்த இடத்திலும் இல்லாத ஆள் கம்பெனியில் ஒருவன்தான் இருந்தான். என் ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. பணியிடம்: லாபம்.

கலைவாணி அந்தத் தாளைப் படித்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்ததும், "அப்போ நெஜமாவே இங்கதான் இருக்கப் போறமா?" என்று கேட்டாள். இதற்காகத்தானே இவ்வளவும் பட்டேன். ஆனாலும் ஆமாம் என்று சொல்வதற்கு முன், அந்தத் தாளை வாங்கி இன்னொரு முறை படித்தேன்.

வெளிநாட்டார் அலுவலகத்தில் விசா நீட்டிக்கப் போனேன். அதிகாரி பணியிடத்தின் பெயரை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார்.

"இது எங்கே, கிழக்கேயா?"

"கெனாவ்" என்றேன். முத்திரை குத்திவிட்டார்.

அதே அறை, அதே நாற்காலிதான். மேசைமேல் மட்டும் லாபம் என்று பெயர்ப்பலகை வந்திருக்கிறது. காலையில் வந்ததும், எங்கும் ஒட்டாமல் என் கிளைக்கு வந்து விழுந்தவற்றைப் பார்ப்பேன். பாதியில் வீடு மாறியவர் கேட்ட கதவு, இரண்டு ஊரும் கைவிட்ட கிராமத்தின் ஜன்னல். சரியான கிளையைக் கண்டுபிடித்து அனுப்புவதுதான் இப்போது என் வேலை என்று ஹெர் கோல்ப் சொல்கிறார். அனுப்பத்தான் செய்கிறேன். சிலவற்றை அனுப்ப மனசு வருவதில்லை, ஒரு நாள் இருந்துவிட்டுப் போகட்டும் என்று வைத்துக்கொள்கிறேன்.

தை மாதத்தில் ஒரு நாள் மதிய இடைவேளையில் மண்டிக்குப் போன் செய்தேன். நைனா பேசிக்கொண்டிருக்கும்போதே, "இரு, லாரி வந்துட்டுது" என்று ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் போனை வைக்கவில்லை. லாரியின் பின்கதவை இறக்கும் சத்தம் கேட்டது. யாரோ யாரையோ திட்டினார்கள். இங்கே ஃப்ரௌ லிண்ட்னர் ஜன்னலைத் திறந்தார், பனிக்காற்று முகத்தில் அடித்தது. அங்கே கன்னியப்பனின் குரல் எழுந்தது.

"லாபம்!"

பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டதுபோல, 'உள்ளேன் ஐயா' என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் ரெண்டு, மூணு என்று போய்விட்டார்.