மங்கில் வைத்த மீதி

என் வீட்டுக்காரர் கையில் ஒரு பொருள் தங்காது. தீபாவளிக்கு எடுத்த வேட்டியைப் பொங்கலுக்குள் வேறு யாராவது கட்டிக்கொண்டு போவார்கள். கத்தி தீட்டும் கல் எங்கே என்று கேட்டால், பக்கத்து நிரையில் மரம் வெட்டுறவன் கல் தேய்ந்துபோச்சு, கொடுத்துட்டேன் என்பார். நான் காட்டிலிருந்து சுமந்து வந்து அடுக்கிய விறகில் பாதி, நான் குளித்துவிட்டு வருவதற்குள் அடுத்த வீட்டு அடுப்பில் எரியும். தர்மப்பிரபு வந்துட்டாரு, எல்லாரும் வந்து அள்ளிக்குங்க என்று லயத்து வரிசை வீடுகள் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவேன். அவர் சிரித்தபடி காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வருவார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

ஜப்பான்காரன் வருவதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய கதை இது. மலாயாவில் செடெனாக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருவரும் பால் வெட்டிக்கொண்டிருந்தோம்.

எனக்கும் அவர் கொடுத்தார். ஆனால் கொடுப்பது தெரியாமல் கொடுப்பார். புருஷன் சாப்பிட்ட தட்டிலேயே பெண்டாட்டி போட்டுச் சாப்பிடுவது எங்கள் வழக்கம். மங்கு என்று நாங்கள் சொல்லும் குழிவான எனாமல் தட்டு அவருக்கு ஒன்று இருந்தது, ஓரத்தில் நீலக் கோடு போட்டது. கல்யாணமான புதிதில் அவர் எழுந்து போனதும் அதை எடுத்தால், மீனின் நடுத்துண்டு தொடாமல் அப்படியே இருக்கும். எனக்குச் சமைக்கத் தெரியவில்லை, மனுஷருக்குப் பிடிக்கவில்லை என்று மூன்று மாதம் உள்ளுக்குள் அழுதேன். பிறகு ஒருநாள் அவருடைய அக்காள் வீட்டில் விருந்துக்குப் போனோம். அங்கே அவர் மீனை முள் முள்ளாக உறிஞ்சித் தின்றதைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து கேட்டதற்கு, அங்க வயிறு காலியா இருந்துச்சு, இங்க எப்பவும் நெறஞ்சிருது என்றார். அன்றிலிருந்து நானும் ஒன்றும் தெரியாதவள் போல நடுத்துண்டைத் தின்றேன். எங்களுக்குள் கொஞ்சல் குலாவல் என்று இருந்தது அவ்வளவுதான், அதிலேயே எனக்கு நிறைந்திருந்தது.

எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, தவழுகிற பருவத்தில் குளிர்காய்ச்சலில் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் அவர் கூலாய்க் கடைத்தெருவுக்குப் போய் ஒரு கொசுவலை வாங்கி வந்தார். செத்த பிறகு வலை எதற்கு என்று முதலில் அதைத் தொடவே எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு அடுத்த குழந்தைக்கு ஆகும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். கிழிந்த இடத்தைத் தைத்து, துவைத்து, அதற்குள் படுத்துக்கொண்டு பிறக்காத பிள்ளையைப் பற்றியே யோசிப்பேன்.

ஒரு சாயங்காலம் நான் ஆற்றிலிருந்து வந்து பார்த்தால் பாய்க்கு மேலே வலை இல்லை, கட்டிய கயிறுகள் மட்டும் தொங்கின. இரண்டு அறை தள்ளி இருந்தவளுக்குப் பிரசவமாகி அஞ்சு நாள். அவள் வாசலில் எங்கள் வலை கட்டியிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த குடத்தைக் கீழே போட்டேன்.

“நமக்குப் பொறக்கப்போற புள்ளைக்கு என்ன வச்சிருக்கீங்க?” என்று கேட்டேன்.

“பொறந்து கெடக்கிற புள்ள கொசுக்கடியில கத்துது. பொறக்காததுக்கு மூடி வைக்கச் சொல்றியா புள்ள?” என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

நியாயம் அவர் பக்கம் இருந்தது. அதனால்தான் எனக்குப் பொறுக்கவில்லை. என் மகளுக்கு வராத வலை ஊரான் மகனுக்கு வந்ததே என்று வயிறு எரிந்தது. அன்றிலிருந்து அவரோடு பேச்சை நிறுத்தினேன். சோறு போடுவேன், தண்ணீர் வைப்பேன். எனக்கென்று வேறு தட்டு எடுத்துக்கொண்டேன். அவர் வழக்கம்போல நடுத்துண்டை மங்கில் மீதி வைத்துவிட்டு எழுந்தார். அவர் கண் முன்னாலேயே அதைக் கோழிக்குப் போட்டேன். அவர் முகம் சுருங்கிப் போயிற்று. மறுநாளும் வைத்தார். நானும் மறுநாளும் கோழிக்குப் போட்டேன். இப்படிப் பதினோரு நாள். அவ்வளவு திமிர் எனக்கு.

பன்னிரண்டாம் நாள் வெட்டுக்காட்டில் பால்வாளியைக் கீழே வைத்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். பல் கிட்டி, உடம்பு தூக்கிப் போட்டது. வலை போனதால்தான் காய்ச்சல் வந்தது என்று சொல்லமாட்டேன், வலைக்குள் படுத்தவர்களும் அந்த மழைக்காலத்தில் காய்ச்சலில் விழுந்தார்கள். தோட்டத்து ஆசுபத்திரியில் கட்டில் போதாமல் தரையில் பாய் போட்டிருந்தார்கள். அவரவர் தட்டை அவரவர் கொண்டு போகவேண்டும். நான் நீலக்கோட்டு மங்கைக் கழுவிக் கொண்டுபோய்த் தலைமாட்டில் வைத்தேன்.

வெட்டிய ரப்பர் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு மத்தியானம் ஓடுவேன். அங்கே நோயாளிக்குப் பால் கஞ்சி ஊற்றுவார்கள். முதல் நாள் நான் போனபோது மங்கில் முக்கால்வாசி இருந்தது. “எனக்கு வயிறு நெறஞ்சிருச்சு, நீ சாப்பிடு புள்ள,” என்றார். அந்தப் பழைய பொய். மன்னிச்சுக்குங்க என்று சொல்ல வாய் வரவில்லை, அதனால் மங்கை எடுத்து ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். அவர் முகம் மலர்ந்தது. அடுத்த நாள் காலையில் கொடுத்த ரொட்டியையும் தலையணைக்கு அடியில் எனக்கென்று வைத்திருந்தார். அதையும் தின்றேன். நான்கு நாள் அவர் பார்க்கப் பார்க்கத் தின்றேன். சமாதானமாகிவிட்டோம் என்ற சந்தோஷத்தில் அவர் மெலிந்தது என் கண்ணில் படவில்லை.

நான்காம் நாள் திரும்பும்போது, மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் வாசலில் நின்றார். கெட்ட மனிதர் இல்லை. அத்தனை பேருக்கு அவர் ஒருவர். ரொம்ப முடியாத இரண்டு பேரைக் காலையில் லாரியில் ஜோகூர் பாரு பெரிய ஆசுபத்திரிக்கு அனுப்பியதாகச் சொன்னார். பிறகு எனக்குத் தைரியம் சொல்கிற மாதிரி, “உன் வீட்டுக்காரருக்குப் பயமில்லம்மா. கஞ்சியைச் சுத்தமா முடிச்சிடறாரு, மங்கு தினமும் காலியாத்தான் வருது,” என்றார்.

நான்தான் குடித்தேன் என்றேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாளைக்கு லாரி கேட்கிறேன், இப்போது போய் நீயே ஊட்டு, ஒரு வாய்கூட நீ தொடக்கூடாது என்றார். இன்னொரு கரண்டி கஞ்சி ஊற்றச் சொன்னார்.

திரும்பி உள்ளே ஓடி, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று அவரை உலுக்கினேன்.

“பதினோரு நாள் நீ என் மங்குல சாப்பிடல புள்ள,” என்றார். “இப்ப சாப்பிட்ட. நிறுத்த மனசு வரல.”

ஊட்டினேன். மூன்று வாய் இறங்கியது. நான்காவது வாய்க்கு உதட்டை மூடிக்கொண்டார். மங்கை விரலால் என் பக்கம் தள்ளினார். கண்ணால் சாப்பிடு என்றார். நான் மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். மறுபடி தள்ளினார். நான் மங்கை எடுத்து எட்டாத தூரத்தில் வைத்தேன். கோழிக்கு மீனைப் போட்ட அன்று சுருங்கிய மாதிரியே அவர் முகம் சுருங்கியது. டிரெஸ்ஸர் சொன்னார் என்று விளக்கத் தொடங்கினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். கேட்டாரா இல்லையா, எனக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் லீவு கேட்டு நின்றுகொண்டிருந்தபோது, அவர் போய்விட்டார் என்று ஆசுபத்திரி ஆள் வந்து சொன்னான். லாரி அதற்குப் பிறகுதான் வந்தது.

வலைக்குள் கிடந்த குழந்தை பிழைத்து வளர்ந்து கல்யாணமும் செய்துகொண்டான். பெரியம்மா என்று கூப்பிட்டு, சம்பள நாளில் எனக்கு மீன் வாங்கி வந்து கொடுப்பான். அவன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வலையைப் பற்றி நினைப்பதே இல்லை. கடைசியாக அவர் தள்ளிய அந்தக் கஞ்சியைத்தான் நினைக்கிறேன். ஒரு வாய்தான். நான் குடித்திருக்கலாம்.