குமிழி நின்றுபோன பியர் வாளி

நண்பர்களே, இன்று காலை, வீட்டில் பியர் செய்வதற்கான சாமான்கள் விற்கும் கடையில் நின்றேன். சேலைக்கு மேல் குளிர் ஜக்கெற் போட்ட ஒரு அன்ரி என்னைப் பார்த்து, "தம்பி தமிழோ?" என்று கேட்டார்.

"என்ரை மனுசன் போட்ட பியர் வாளியிலை குமிழி வாறது நிண்டுபோச்சு. செத்துப்போச்சோ எண்டு உந்தக் கடைக்காரரிட்டைக் கேட்டுச் சொல்லும்."

பியர் போட்ட கையோடு கணவருக்கு இருதய ஒப்பரேஷன் நடந்திருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து போன் எடுக்கும்போதெல்லாம் அவர் முதலில் கேட்பது வாளியைப் பற்றித்தானாம்.

"குமிழி வருது எண்டுதான் சொல்லிக்கொண்டிருக்கிறன். ரெண்டு நாளா அது பொய்," என்றார். கண் கலங்கியிருந்தது.

கடைக்காரர் சொன்னதைத் தமிழில் சொன்னேன். குமிழி நின்றால், பியரைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் காற்று பக்கத்தால் போய்விடும், மூடியில் செருகிய குழாயில் குமிழி தெரியாது. உள்ளே இனிப்பு குறைந்துகொண்டே வந்தால் வேலை நடக்கிறது.

அன்ரியிடம் என் நம்பரைக் கொடுத்தேன். பின்னேரம் போன் வந்தது.

"தம்பி, மூடி ஒரு பக்கம் கிளம்பியிருந்தது. அமத்திவிட்டன். கொஞ்சத்தாலை குமிழி வரத் தொடங்கீட்டுது. அவர் எடுக்கேக்கை போனை வாளிக்குக் கிட்டப் பிடிச்சன். கன நேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்."

"நீங்கள் குடிப்பியளோ அன்ரி?"

"சீச்சீ. எனக்கு உந்த மணமே பிடிக்காது."

டொக்டர் அன்ரியின் கணவரையும் இப்போதைக்கு பியரைத் தொடவேண்டாம் என்றிருக்கிறாராம். ஆக, மல்வேர்னில் அன்ரி வீட்டில் ஒரு வாளி பியர் ஆரோக்கியமாகப் பொங்கிக்கொண்டிருக்கிறது, குடிக்கத்தான் ஆளில்லை. உதவ விரும்பும் நல்லுள்ளங்கள் இந்த மின்னஞ்சலுக்குப் பதில் போடுங்கள்.