அத்தை நேராக்கிய குண்டுகள்

என் அத்தைக்குக் கோணல் என்றால் ஆகாது. விருந்துக்குப் போன வீட்டில்கூடச் சுவர்ப் படத்தை நேராக்கிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவாள். தொழில், திரைச்சீலை தைப்பது. காலமெல்லாம் அடுத்தவர் கடையில் தைத்தவளுக்குச் சொந்தப் பெயரில் கிடைத்த முதல் பெரிய வேலை, இயற்பியல் துறையின் புதுக் கட்டடம்.

நாடு நாடாகச் சுற்றிவிட்டு வந்து வீட்டில் இருப்புக் கொள்ளாமல் தவித்த என்னை, “குறுக்கும் நெடுக்கும் நடக்கறதுக்கு ஏணியையாவது பிடிடி” என்று கூட்டிப்போனாள்.

நுழைவுக்கூடத்தின் உத்திரத்திலேயே கொக்கிகள் பதித்து, எஃகுக் குண்டுகளை வரிசையாகக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார்கள். ஒன்றைவிட அடுத்தது சற்று இறக்கம். நான் வெளியே சாப்பிட்டு, தெருவெல்லாம் அளந்துவிட்டுத் திரும்பினால், அத்தனையும் ஒரே மட்டத்தில் நிற்கின்றன.

“எவனோ அரைகுறையா மாட்டிட்டுப் போயிருக்கான். இப்ப பாரு!” என்றாள் அத்தை.

மாலை திறப்பு விழா. தன் படைப்பைச் சோதித்துப் பார்க்க வந்த பெண் சிற்பி, குண்டுகளைப் பலகையால் ஒருசேரத் தள்ளிப் பிடித்து, சட்டென்று பலகையை விலக்கினார். அலையாக நெளிய வேண்டியவை, பள்ளிக்கூட டிரில் மாதிரி ஒன்றாகப் போய் ஒன்றாக வந்தன. கயிற்றின் நீளம் மாறினால் ஆட்டத்தின் வேகமும் மாறும். அந்த வித்தியாசம்தான் சிற்பமே.

“யார் கை வச்சது?” என்றார் கட்டட மேனேஜர்.

“நான்தான் சார். கோணலா இருந்துச்சு.”

“திரைக்கு வேற ஆளைப் பார்த்துக்கறோம். ஏணியை எடுத்துட்டுக் கிளம்புங்க.”

அத்தைக்கு முகம் செத்துவிட்டது. சிற்பியோ அவள் இடுப்புக் கத்தரிக்கோலையே பார்த்தார். “அக்கா, கயிறை வெட்டிட்டீங்களா?”

“வெட்டுவேனா? துணி சுருங்கினா இறக்கி விடணுமேன்னு திரையிலயே மடிச்சு வச்சுத்தான்மா தைப்போம். அதே மாதிரி மிச்சக் கயிறையும் மேலே சுருட்டி முடிஞ்சிருக்கேன்.”

சிற்பி தரையிலேயே உட்கார்ந்து சிரித்தார். “அவிழ்த்தாப் போதும் சார். இவங்களே அவிழ்க்கட்டும்.”

அவிழ்த்தாள். பலகை விலகியதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். “என்னால பார்க்க முடியாது. நீ சொல்லு.”

“பாம்பு மாதிரி நெளியுது அத்தை! சும்மா திரும்பு.”

அவள் திரும்பிய நேரம் பார்த்து, சிதறிய குண்டுகள் மறுபடி ஒரே கோட்டில் வந்து சேர்ந்தன.

“நேரா வந்துடுச்சு!” என்று கைதட்டினாள். அடுத்த ஆட்டத்திலேயே, “அய்யய்யோ, கலையுதே!”

“கலையணும்க்கா” என்றார் சிற்பி.

மேனேஜர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மாடிச் சாவியை நீட்டினார். “நாளைக்கு மாடி ஜன்னலைப் பாருங்க. இந்தக் கூடத்துக்குத் திரையும் வேண்டாம், ஏணியும் வேண்டாம்.”