குத்தாத கம்பளி

மெத்தென்று இருக்கும் எதையும் நான் லேசில் நம்புவதில்லை. கண்டிச் சீமையில் பன்வில பக்கம் கோப்பித் தோட்டத்தில் இருந்த நாளிலேயே இந்தக் குணம் வந்துவிட்டது.

மழைக்கு முன்னால் ஆளுக்கு ஒரு கறுப்புக் கம்பளி கொடுப்பார்கள். மலையில் அதுதான் குடை, நாங்கள் குடியிருந்த லயத்தில் அதுதான் போர்வை. வாங்கியதும் கன்னத்தில் தேய்த்துப் பார்ப்போம். சுருக்கென்று குத்தினால் புதுசு. பிறகு இரண்டு பேர் நுனிகளைப் பிடித்துக்கொள்ள, நடுவில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றுவோம். ஒழுகாமல் நின்றால் நல்ல கம்பளி. உடம்பில் கிடந்து பழகப் பழகத்தான் அது மெத்தென்று ஆகும்.

என் தங்கைக்கு அந்தப் பொறுமை கிடையாது. "ஒன் கம்பளி குத்தலக்கா, எனக்குத்தான் முள்ளுக் கம்பளி" என்று என்னுடையதை இழுத்துக்கொண்டு போய்விடுவாள். எல்லாம் ஒரே கறுப்பு, எது யாருடையது என்று எப்படித் தெரியும்? அதனால் அவளுடையதன் மூலையில், என் பழைய சேலைக் கரையில் உருவிய சிவப்பு நூலால் மூன்று முடிச்சுப் போட்டுவைத்தேன். அதற்கும் சண்டைக்கு வந்தாள், கழுதை.

அந்த மழையில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. கம்பளியோடு ஆஸ்பத்திரிக் கொட்டகைக்குத் தூக்கிப் போனார்கள். தொத்திக்கொள்ளும் என்று என்னைக் கிட்டே விடவில்லை. மூன்றாம் நாள் கங்காணி லயத்து வாசலுக்கு வந்து, "எல்லாம் முடிஞ்சிருச்சு புள்ள. கம்பளியச் சுத்தித்தான் பொதச்சோம்" என்றார். எனக்கு மிஞ்சிய ஒரே ஆறுதல் அந்தக் கம்பளிதான். குளிர் தாங்காதவள், மண்ணுக்குள்ளாவது குளிராது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் கம்பளி கொடுத்த அன்று, "கண்டியிலேருந்து வந்த புது ரகம்" என்றார் கங்காணி. கன்னத்தில் தேய்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். குத்தவே இல்லை. "சொகமா இருக்குடி" என்று லயத்தில் எனக்கு அடுத்த அறையில் இருந்த பக்கத்துக் காம்பராக்காரி அப்போதே போர்த்திக்கொண்டாள்.

புதுக் கம்பளி எப்படிக் குத்தாமல் இருக்கும்? யார் உடம்பில் பழகியது இது? மோந்து பார்த்தேன். கொதிக்கவைத்து அலசிய வாடை. கங்காணி யார் முகத்தையும் பார்க்காமல் கொடுத்துக்கொண்டே போனது வேறு உறுத்தியது. என் கம்பளியின் நாலு மூலையையும் தடவினேன், ஒன்றும் இல்லை. பக்கத்துக் காம்பராக்காரியின் கம்பளியைப் பிடித்து இழுத்தேன். "என்னாடி, கிறுக்கு புடிச்சிருச்சா?" என்று அவள் கத்தினாள். மூலையில் சிவப்பாக மூன்று முடிச்சு இருந்தது.

"கங்காணியய்யா, என் தங்கச்சிய எதுல சுத்திப் பொதச்சீங்க?"

"எத்தன வாட்டி சொல்றது? கம்பளியிலதான்."

முடிச்சை அவர் கண்ணுக்கு நேரே நீட்டினேன். பார்த்தார். "அடுத்த ஆளு வா" என்று கூப்பிட்டார்.

பக்கத்துக் காம்பராக்காரி அதைக் கழற்றி என் தோளில் போட்டாள். கொஞ்சமும் குத்தவில்லை. ஒரு வருஷமாகத் தங்கையை நினைத்து அழுதிருக்கிறேன். குளிர்ந்திருக்குமே என்று ஒருநாளும் அழுததில்லை. அன்றைக்கு அதற்காக அழுதேன்.