வியாகுலமேரி பார்த்த மணல்

நூர்முகம்மது பாயின் டூரிங் டாக்கீஸில் எந்தப் பேய்ப் படத்துக்கு ஜனம் நிஜமாகப் பயந்தது என்று தெரிந்த ஒரே ஆள், அங்கே ஒரு படத்தையும் முழுதாகப் பார்த்ததில்லை.

வியாகுலமேரிக்குப் பெண்கள் வாசலில் வேலை. டிக்கெட்டைக் கிழிக்க வேண்டும். தாமதமாக வருகிறவர்களுக்கு இருட்டில் இடம் காட்ட வேண்டும். வீறிட்டு அழுகிற குழந்தையைத் தாயோடு வெளியே அழைத்துப்போய், அடங்கியதும் உள்ளே விட வேண்டும். இதற்கு நடுவே திரை கண்ணில் பட்டால் பட்டதுதான். மறுநாள் காலை ஏழு மணிக்கு வந்து, பெண்கள் பக்கத்து மணலைக் கூட்டி, கைப்பிடி வைத்த பலகையை இழுத்து மட்டமாக்க வேண்டும்.

1963-ல் அவருக்கு முப்பத்தாறு வயது. கடலூர் முதுநகரில் பிறந்து வளர்ந்தவர். இந்த வேலைக்கு முன்பு ஒன்பது வருஷம் மல்லாட்டை மில்லில் வேர்க்கடலைத் தோல் புடைத்தார். மெஷின் வந்ததும் மில்லில் பெண்களைப் பாதியாகக் குறைத்தார்கள். கணவர் மரிய ஜோசப் துறைமுகத்தில் மூட்டை சரிந்து இடுப்பில் அடிபட்டவர். வீட்டில் சமையல் அவருடையது, சம்பாத்தியம் மேரியுடையது. டாக்கீஸ் வேலை கிடைத்த அன்று மேரி மாதா கோயிலுக்குப் போய் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினார். புடைக்கும் தூசி இல்லாத வேலை. உட்கார ஒரு ஸ்டூல் உண்டு.

காலையில் டாக்கீஸ் ஆட்கள் எதிரே இருந்த டீக்கடையில் கூடுவார்கள். அந்தக் கூட்டத்தில் தீராத வழக்கு ஒன்று இருந்தது. வந்த பேய்ப் படங்களில் எது பெரிய பேய்ப் படம்? வழக்கைத் தினமும் ஆரம்பித்து வைப்பவர், டாக்கீஸோடு கூடவே ஊர் மாறும் சோடாக் கடை சுப்பராயலு. அவர் கட்சி, கைப் படம். போஸ்டரில் அந்தப் படத்துக்கு வேறு பெயர். வெட்டுப்பட்ட கை ஒன்று தானாகப் படியேறி வந்து ஜமீன்தாரின் கழுத்தைப் பிடிப்பதால் கடலூரில் அது கைப் படம்.

“இருவத்தேழு கூச்சல்,” என்பார் சுப்பராயலு. “வெளிய நின்னு எண்ணியிருக்கேன். இருவத்தேழு. வேற எந்தப் படத்துக்காவது பத்தத் தாண்டிச்சா?”

ஆபரேட்டர் பக்கிரி வேறு கட்சி. “மச்சான், எனக்கு ஒரே பேய்தான். பாதி சீன்ல பிலிம் அறுந்துபோவுது பாரு, அப்ப முந்நூறு பேர் திரும்பி என் ரூமப் பாக்குறான். அந்த மூஞ்சிங்களுக்கு மேல ஒரு பேய் உண்டா?”

நூர்முகம்மது பாய்க்கும் கைப் படம்தான். படம் ஓடும்போது அவர் கொட்டகைக்கு வெளியே டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருப்பார். உள்ளிருந்து கூச்சல் வந்தால் படம் பிடித்திருக்கிறது, வராவிட்டால் படுத்துவிட்டது. பதினோரு வருஷமாக அவருக்கு அதுதான் கணக்கு. யோசித்துப் பார்த்தால் அந்த டீக்கடையில் இருந்த எல்லாருமே காதால் படம் பார்த்தவர்கள். பக்கிரி மட்டும் கண்ணால் பார்த்தார், அதுவும் பிலிமை.

மார்கழியில் ஒருநாள் மேரி தூக்குச் சட்டியில் டீ வாங்க வந்தபோது வழக்கு உச்சத்தில் இருந்தது. அவர் போகிறபோக்கில் சொன்னார்: “கைப் படத்துக்கு யாரும் பயப்படல. தொட்டில் படத்துக்குத்தான் பயந்தாங்க.”

தொட்டில் படம் கார்த்திகையில் வந்தது. இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் மழையில் கொட்டகைக்குள் தண்ணீர் புகுந்து படப் பெட்டி திரும்பிப் போய்விட்டது. கூட்டமும் இல்லை, கூச்சலும் இல்லை.

“மேரியம்மா, நீ படமே பாக்கல. ஒனக்கு எதுக்கு இந்த வழக்கு?” என்றார் சுப்பராயலு.

“படம் பாக்கல மாமா. பாத்தவங்க ஒக்காந்த எடத்தப் பாத்தேன்.”

சிரித்தார்கள். பாய் மட்டும், “சொல்லட்டும்யா,” என்றார்.

மேரி சட்டியைக் கீழே வைத்தார். “கைப் படத்துக்கு மறுநாள் மணலு மேல மல்லாட்டத் தோலு கூட கூடயா கெடந்துச்சு. முறுக்குத் துண்டு, பட்டாணி, கரும்புச் சக்க. கத்திக்கிட்டே தின்னுருக்காங்க. பயந்தவ வாய் மெல்லுமா பாய்? தொட்டில் படத்துக்கு ரெண்டு நாளும் ஒரு கைப்பிடி தோலு இல்ல. ஆனா எங்க பாத்தாலும் குழி. ஒவ்வொருத்தி ஒக்காந்த எடத்துக்கும் ரெண்டு பக்கமும் முழங்கை ஆழம். கையால மணலப் புடிச்சுப் புடிச்சுப் பறிச்ச குழி. என் பலக ரெண்டு தடவ மாட்டிக்கிச்சு.”

“பொம்பளைங்க பொழுதுபோவாம பறிச்சிருப்பாங்க,” என்றார் சுப்பராயலு.

“பொழுது போறதுக்குத்தான டிக்கெட்டு வாங்கினாங்க?”

பக்கிரி டீயைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

தை பிறந்ததும் முதுநகரில் கொட்டகைக்கான லைசென்ஸ் முடிந்தது. அடுத்த இடம் சிதம்பரத்தை அடுத்த கீரப்பாளையம். அறுவடை முடிந்த வயல், கையில் நெல் விற்ற காசு, சுற்றிலும் சினிமாக் கொட்டகை இல்லாத கிராமங்கள். பாய் குடும்பத்தோடு சிதம்பரம் லால்கான் தெருவில் ஒரு வீடு பிடித்தார். புது ஊரில் பெண்கள் வாசலுக்கு அந்த ஊர்ப் பெண்ணைத்தான் போடுவது வழக்கம். ஊர்ப் பெண்களின் முகம் தெரிந்தவள் வேண்டும் என்பார்கள். அதை மேரியிடம் சொல்ல பாய் தயங்கித் தயங்கி வந்தார்.

மேரி அழவில்லை. “கீரப்பாளையத்துல மொதப் படம் என்னா போடப் போறீங்க பாய்?” என்று கேட்டார்.

“பேய்ப் படம். கை.”

“தொட்டில் போடுங்க. என்னயும் கூட்டிப் போங்க. கூட்டம் நிக்கலன்னா அனுப்பிடுங்க.”

பாய் தாடியைத் தடவினார். “நெசமாவே பயந்தாங்கன்னு வச்சுக்க. பயந்தவ மறுபடி வருவாளா? அடுத்தவள வரவிடுவாளா?”

“பயந்தவ தனியா பயப்பட மாட்டா பாய். இன்னொருத்திய இழுத்தாந்து பக்கத்துல ஒக்கார வச்சுத்தான் பயப்படுவா.”

“மூணு நாளு. மூணாம் நாளு பொம்பளைங்க பக்கம் நெறையல, ஒனக்குக் கீரப்பாளையத்துல வேல இல்ல. பின்னால பாய் ஏமாத்திட்டாருன்னு சொல்லக் கூடாது.”

“சொல்ல மாட்டேன்.”

கீரப்பாளையத்து மண் களிமண். காய்ந்தால் கல், நனைந்தால் பசை. பாய் வைக்கோலைப் பரப்பிவிடலாம் என்றார். மேரி விடவில்லை. வெள்ளாற்றிலிருந்து மணல் வந்தாக வேண்டும் என்று நின்றார். பீடி நெருப்பு விழுந்தால் வைக்கோல் என்னாகும் என்று பாய்க்கே தெரியும். ஆறு வண்டி மணல் வந்தது. நடுவில் இடுப்பளவு படுதாவை முளையடித்துக் கட்டி, ஆண்கள் பக்கம் பெண்கள் பக்கம் பிரித்தார்கள்.

முதல் நாள் பெண்கள் பக்கம் முக்கால் நிறைந்தது. பாயின் மனைவி ஷரீபாவும் எட்டு மாதக் கைக்குழந்தையோடு சிதம்பரத்திலிருந்து கூண்டு வண்டியில் வந்து இறங்கினார். ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்ற நான்கு முறை விளக்கைப் போடுவார்கள். ஒவ்வொரு முறையும் சுப்பராயலு “சோடா, கலரேய்!” என்று கத்திக்கொண்டு உள்ளே போனார். மூன்றாம் முறை போனவர் இடைவேளை முடிந்தும் வெளியே வரவில்லை. கவுண்டரில் பாய் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படம் முடிகிறவரை உள்ளிருந்து ஒரு கூச்சல் வரவில்லை. ஜனம் பேசாமல் வெளியே வந்தது, பேசாமல் வண்டி ஏறியது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் பாய் வந்து இறங்கியபோது கண் சிவந்திருந்தது. தூங்காத கண். நேராகப் பக்கிரியிடம் போனார். “கைப் படப் பெட்டி சிதம்பரத்துல ரெடியா கெடக்குது. மத்தியானத்துக்குள்ள கொண்டாந்துடு.” பிறகு மேரியின் பக்கம் திரும்பினார். “எம் மேல வருத்தப்படாத மேரியம்மா. ஒரு சத்தம் இல்ல. மூணு நாள் எதுக்கு? பத்தரை பஸ்ஸுக்குக் கெளம்பு, நான் டிக்கெட் எடுத்துத் தரேன்.”

மேரி கொட்டகை வாசலில் பலகையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார். “பலகைய இன்னும் மணல்ல வக்கல பாய். ஒரு தடவ உள்ள வந்து பாத்துட்டு என்னய பஸ்ஸு ஏத்திவுடுங்க.”

பாய் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பின்னாலேயே பக்கிரி, சுப்பராயலு.

அந்தக் கொட்டகையைப் பதினோரு வருஷமாக நடத்துகிறவர், ஆட்டம் முடிந்த மணலை முதன்முறையாக நின்று பார்த்தார். குழிகள். வரிசை வரிசையாகக் குழிகள். சிலதில் விரல் தடம் ஐந்தும் அப்படியே இருந்தது. இரண்டு இடத்தில் உடைந்த கண்ணாடி வளையல். தோல் ஒரு கைப்பிடிகூடத் தேறாது. மேரி பலகையின் முனையால் காட்டினார்.

“ஓரத்துல பாருங்க. ஆட்டம் ஆரம்பிக்கறப்ப படுதா ஓரத்துல பத்துப் பதினஞ்சு பேரு ஒக்காந்திருந்தாங்க. அதோ அவுங்க எடம், மேடா இருக்குது. அங்கேருந்து நடுவால இழுத்துக்கிட்டே வந்த தடம் தெரியுதா? எந்திரிக்கல. ஒக்காந்தபடியே நகந்துருக்காங்க. முதுகுப் பக்கம் யாருமில்லாம ஒக்கார முடியல அவுங்களால.”

“சரி,” என்றார் பாய் மெதுவாக.

“இப்ப நான் சொல்றதத் தேடுங்க. புள்ளைங்களக் கெடத்துன தடம்.”

எந்தப் படமானாலும் தாய்மார்கள் பாதியிலேயே மணலில் ஒரு துணியை விரித்துக் கைக்குழந்தையைத் தூங்க வைத்துவிடுவார்கள். காலையில் சின்னச் சின்னப் பள்ளங்கள், தலைப் பக்கம் கொஞ்சம் ஆழமாக, மணலில் தெரியும். கைப் படத்துக்கு இருபத்திரண்டு இருந்தன, மேரி எண்ணியிருந்தார். அந்தக் கூச்சலிலும் இருபத்திரண்டு குழந்தைகளைக் கீழே கிடத்திவிட்டுத் தாய்மார் நிம்மதியாக மல்லாட்டை உரித்திருந்தார்கள்.

பாய் குனிந்து, நடந்து, மறுபடி குனிந்து பெண்கள் பக்கம் முழுவதையும் தேடினார். ஒன்றுகூட இல்லை.

“நேத்து டிக்கெட் கிழிக்கறப்ப பதினெட்டுக் கைப்புள்ள உள்ள போச்சு,” என்றார் மேரி. “ஒருத்தியும் கீழ வுடல. படத்துல அந்தத் தாயி புள்ளய இடுப்புல வச்சுக்கிட்டு நிக்கறா, காலித் தொட்டில் மெதுவா ஆடுது. சத்தமில்ல, கயிறு மட்டும் கிறீச்சுங்குது. அதப் பாத்தவ எப்படி பாய் புள்ளயக் கீழ வுடுவா?”

பாய் நிமிர்ந்தார்.

“யா அல்லாஹ்! ராத்திரி முச்சூடும் புள்ள என் நெஞ்சு மேல கெடந்துச்சு. தொட்டில்ல போடுன்னா ஷரீபா கேக்கல. கால எடுத்து வச்சுத் தொட்டில்கிட்டப் போவ மாட்டேங்கறா. என்னாடின்னு கேட்டா, புள்ளைக்கு மாந்தம், நீங்களே வச்சுக்குங்கன்னுட்டா!” சிவந்த கண்ணைக் கசக்கிக்கொண்டார். “மாந்தமில்ல, ஒண்ணுமில்ல. இந்தப் படந்தான்.”

“பொம்பளைங்க மனசு, பாய்,” என்று ஆரம்பித்தார் சுப்பராயலு. “ஆம்பளைங்க யாரும்...”

பக்கிரி படுதாவுக்கு மேலாக எட்டி ஆண்கள் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “மச்சான், நடுக்கம்பத்துக்கிட்ட சோடாப் பெட்டி வச்ச தடம் இருக்குதே, அது யாரு பெட்டி?”

பெட்டியின் சதுரத் தடம். அதை ஒட்டி ஒருவர் உட்கார்ந்த தடம். இரண்டு பக்கமும் மணிக்கட்டு மூழ்கும் குழி.

“எறும்பு,” என்றார் சுப்பராயலு.

“ரெண்டு கைலயுமா?”

“கட்டெறும்புடா!”

கைப் படப் பெட்டி வேண்டாம் என்று பாய் பக்கிரியிடம் சொன்னார். ஆனால் பேச்சை மாற்றவில்லை; மூன்று நாள் என்றால் மூன்று நாள்தான். ஜனம் பயந்தது நிஜம், வருமா என்பது இன்னும் பாக்கி.

இரண்டாம் நாள் கூட்டம் முதல் நாளைவிடக் குறைவு. பெண்கள் பக்கம் பாதிதான். பாய் கவுண்டரிலிருந்து மேரியை ஒரு பார்வை பார்த்தார். அன்று உள்ளே போனவர்களில் நாலு பேர் முதல் நாள் வந்தவர்கள் என்பது டிக்கெட்டைக் கிழித்த கைக்குத்தான் தெரியும். நாலு பேரும் ஆளுக்கு இரண்டு மூன்று புது ஆட்களைக் கையோடு இழுத்து வந்திருந்தார்கள். “ஒண்ணும் இல்லடி, சும்மா வா,” என்று ஒருத்தி சொல்லிக்கொண்டே போனாள், தோழியின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தபடி. மேரி யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் விடியலில் மணலை வழக்கத்தைவிட நேரம் எடுத்து, ஒரு பள்ளம் இல்லாமல் இழுத்தார். கடைசித் தடவையாக இருந்தாலும் இருக்கலாம்.

மூன்றாம் நாள் பொழுது சாய்வதற்குள் வரப்பில் பெண்கள் தலைகள் தெரிந்தன. சிதம்பரம் சாலையிலிருந்து வண்டிகள். பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தெருவே குழந்தை குட்டியோடு நடந்து வந்தது. முன்பே பார்த்தவர்கள் நேராக நடுவில் போய் நெருக்கி உட்கார்ந்தார்கள். கைப்பிள்ளைக்காரிகள் சேலையால் பிள்ளையை முன்கூட்டியே உடம்போடு சேர்த்து முடிந்துகொண்டார்கள். இடம் நிறைந்தும் வாசலில் முப்பது பேர் நின்றார்கள்.

மேரி கவுண்டருக்கு வந்தார். “எடம் இல்ல பாய்.”

“நெறஞ்சுடுச்சா?”

“நெறஞ்சு வழியுது. படுதாவ நாலடி ஆம்பளைங்க பக்கம் தள்ளணும்.”

பாய் கவுண்டரைப் பூட்டிவிட்டு எழுந்து வந்து பார்த்தார். பிறகு, “யோவ், முளையப் புடுங்குங்கய்யா! இனிமே பொம்பளைங்க பக்கத்துல என்னா பண்ணணும்னு மேரியம்மா சொல்லுவாங்க, நீங்க செய்யுங்க,” என்று கத்தினார்.

வரிசையாக நின்ற முளைகளில் முதல் முளைக்கு அருகேதான் சோடாப் பெட்டி இருந்தது. சுப்பராயலு பெட்டியை நகர்த்திவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முளையை இரண்டு கையாலும் பிடித்து அசைத்தார். மணல் இறுகியிருந்தது. மேரி ஓரத்தில் பலகையால் குத்தி இளக்கிக் கொடுத்தார்.

“கைப் படம் வந்தா இதே எடத்துல பாக்கறேன்,” என்றார் சுப்பராயலு, முளையைப் பிடுங்கியபடி. “இருவத்தேழு கூச்சல்!”

“வரட்டும் மாமா. பட்டாணி ஜாஸ்தியா வாங்கி வையுங்க,” என்றார் வியாகுலமேரி. “இப்ப நாலடி தள்ளி அடிங்க. அஞ்சா அடிச்சாலும் சரிதான்.”