தள்ளத் தெரியாத தசை

என் வலது கையைப் பற்றி எனக்கு எப்போதும் கொஞ்சம் திமிர் உண்டு. நெய்வேலிச் சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சத மிஷின்களுக்கு ஹைட்ராலிக் பார்க்கிற மெக்கானிக் நான். இறுகிப்போன நட்டோடு மற்றவர்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது நான் போய் ஒற்றைக் கையால் திருப்பிவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி டீ குடிக்கப் போவேன். அப்படிப்பட்ட கை ஒரு மழைநாளில் போயிற்று. குவார்ட்டர்ஸ் வாசற்படியில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தபோது முழங்கைக்குப் பின்னால் படீரென்று ஏதோ அறுந்தது. மேல்கையின் பின்பக்கத் தசையை எலும்போடு சேர்க்கிற நாண் என்றார்கள். ஆபரேஷன் செய்து தைத்தார்கள்.

தையல் ஆறி, கையை அசைக்கலாம் என்று ஆன பிறகுதான் கவலை ஆரம்பித்தது. கடைசிப் பரிசோதனையில் கை தேறவில்லையென்றால் லைட் டியூட்டி. அதாவது ஆபீசில் ஒரு ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது. அப்படிப் போனவர்களை எங்கள் ஷெட்டில் நாங்கள் பண்ணாத கிண்டல் இல்லை. மிஷின் சத்தமே இல்லாத இடத்தில் ரிட்டயர்மென்ட் வரை உட்காருவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கிற பெண், வடலூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர், படுத்துக்கொண்டு கையை மேலே நீட்டச் சொல்லியிருந்தார். சின்னப் பிள்ளைகள் செய்கிற வேலை என்று அதை விட்டுவிட்டேன். கொஞ்சம் பளு தூக்கலாம் என்று டாக்டர் சொன்னதும், வீட்டில் அரை வாளித் தண்ணீரை மடக்கி மடக்கித் தூக்கினேன். மேலே போகும்போது கை மடங்குகிறது, கீழே வரும்போது நீள்கிறது. ஒரே வேலையில் இரண்டும் முடிந்தது. கையின் முன்பக்கம் திரண்டு வந்தது. மனைவியிடம் மடக்கிக் காட்டினேன்.

"நல்லா காட்டிகினு இருங்க. பாத்ரூம் கதவத் தள்றதுக்கு மட்டும் என்னக் கூப்புடுங்க" என்றாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. மழையில் உப்பிய அந்தக் கதவு என் வலது கைக்கு அசைந்து கொடுக்கவில்லை. எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. அடுத்த முறை அந்தப் பெண்ணிடம் போய், தினமும் வாளி தூக்கியும் ஒரு கதவைத் தள்ள முடியவில்லையே என்று சத்தம் போட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வாளி கீழ எறங்கறப்ப கைய நீட்டுனது யாரு சார்?" என்றார்.

"என் தசைதாம்மா. சிலிண்டர் மாதிரி. ஆயில் ஒரு பக்கம் போனா இழுக்கும், மறுபக்கம் போனா தள்ளும்."

அவர் சிரித்துவிட்டார். "நீட்டுனது வாளியோட வெயிட்டு சார். முன்னாடி தசை அத உடாம புடிச்சிகினு மெதுவா எறக்கிச்சு, அவ்ளோதான். எந்தத் தசைக்கும் இழுக்க மட்டுந்தான் தெரியும். தள்ளவே தெரியாது."

"அப்போ பஞ்சரான வண்டிய நான் எப்படித் தள்றேன்?"

"பின்னாடி தசை முழங்கை எலும்ப அந்தப் பக்கமா இழுக்குது. கை நீளுது. உங்களுக்கு அது தள்ற மாதிரி தெரியுது."

நான் ஒப்புக்கொள்ளவில்லை. என்னை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்கையைக் கூரை பார்க்க நிறுத்தி, "இப்ப நீட்டுங்க" என்றார். வாளியும் இல்லை, கதவும் இல்லை. கை ஒரு நடுக்கம் நடுங்கி, என் மூக்கின் மேலேயே வந்து விழுந்தது. பயந்துபோனேன்.

பிறகு நல்ல கையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். மேஜையை மேலிருந்து அழுத்தினால் பின்பக்கம் கல்லாகிறது, முன்பக்கம் தளர்கிறது. அடியில் கைகொடுத்துத் தூக்கினால் முன்பக்கம் கல், பின்பக்கம் பஞ்சு. முன்னால் புடைப்பது இருதலைத் தசை. அதற்கு அடியில் வெளியே தெரியாமல் இன்னொன்று, முழங்கையை மடக்குவதில் பெரும் பாடு படுவது அதுதானாம். பின்னால் முத்தலைத் தசை, மேல்கையில் பெரும்பங்கு அதுவே. நாமோ முன்பக்கத்தை மட்டும் கண்ணாடியில் பார்த்துப் பூரித்துப்போகிறோம். வலது கையால் ஸ்க்ரூவை முடுக்குகிற மாதிரி திருப்பச் சொன்னார். இருதலைத் தசை துள்ளியது. கழற்றுகிற மாதிரி திருப்பினேன், அது சும்மா கிடந்தது. கழற்றும்போது அது உதவிக்கு வராதாம். இத்தனை வருஷமும் கழற்ற வராத ஸ்க்ரூவுக்கெல்லாம் முந்தின ஷிப்ட் ஆளைத் திட்டித் தீர்த்திருக்கிறேன்!

அன்றிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரிதான். எங்கள் மிஷினில் ஒரு வால்வு மக்கர் பண்ணினால் போதும், ஹோஸ் வெடித்து ஆள் உயரத்துக்கு ஆயில் பீய்ச்சும். இங்கே தோலுக்குள் ஒன்று இழுக்கும்போது எதிரே இருப்பது தானாக விட்டுக்கொடுக்கிறது. டீ கிளாஸ் தளும்பாமல் வாய்க்கு வரவேண்டுமென்றால் இரண்டும் பக்குவமாகச் சேர்ந்து இழுத்துப் பிடிக்கின்றன. யார் சொல்லிக்கொடுத்தார்கள்? மனைவி சப்பாத்தி தேய்ப்பதை அடுப்படி வாசலில் நின்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். குழவி முன்னே போகும்போது பின்தசை, திரும்பும்போது முன்தசை. பண்ருட்டி பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்திருந்த கைகளையெல்லாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே போனேன். "என்னங்க இது, ஊரே பாக்குது" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி என் தொடையில் கிள்ளினாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை அதிசயத்தைச் சட்டைக் கைக்குள் மூடிக்கொண்டு எல்லோரும் சாதாரணமாக டிக்கெட் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

வாளியை ஓரம் கட்டினேன். தினமும் பாயில் படுத்துக் கூரையைப் பார்த்துக் கையை நீட்டினேன். விழுந்தது, நடுங்கியது, பாதியில் நின்றது.

பரிசோதனை நாள் வந்தது. டாக்டர் சக்கரம் வைத்த தன் மேஜை நாற்காலியை எனக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மடங்கியிருந்த என் வலது உள்ளங்கையில் தன் உள்ளங்கையை வைத்தார். "என்னைத் தள்ளுங்க பாப்போம்" என்றார்.

பின்தசையை இழுத்துக்கொள், சாமி, என்று என் கையிடமே வேண்டிக்கொண்டேன். முழங்கை மெல்ல நீண்டது. நாற்காலி நகர்ந்தது. டாக்டர் அப்படியே உருண்டுபோய் அலமாரியில் இடித்து நின்று, "போதும்யா, மைன்ஸுக்கே போங்க" என்று சிரித்தார்.

எதிரே இப்போது யாரும் இல்லை. ஆனாலும் நீட்டிய கையை மடக்க எனக்கு மனசே வரவில்லை.